ஏழு புள்ளி வித்தியாசம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். மேடையில் இரண்டு கத்திகள் கிடந்தன. ஒன்று கடைத்தெருவில் வாங்கியது. மற்றொன்று நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்தது. இரண்டாலும் மாறி மாறி வெங்காயம் நறுக்கிப் பார்த்துவிட்டு, "மலிவுக் கத்தியும் வெட்டுது, விலைக் கத்தியும் வெட்டுது. அப்ப வித்தியாசம் விலையில மட்டும்தானா வாத்தியாரே?" என்றீர்கள். கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்: "அவன்கிட்டயா கேட்ட? இனி சாப்பாடு வந்த மாதிரிதான்!"

நான் நாற்பது நிமிடம் பேசினேன். திரும்பிப் பார்த்தபோது காய் முழுவதும் நறுக்கி முடிந்திருந்தது, நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பதிலை இன்று சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலைப் பிரித்துவிட்டுப் படியுங்கள்.

மார்க்கெட்டில் நீங்கள் மீன் வெட்டும் கத்தி சாதாரண ஸ்டெயின்லெஸ் எஃகு. இரும்பில் கொஞ்சம் கார்பன், நிறையக் குரோமியம். கடினத்தை அளக்கும் கருவியில் வைத்தால் ஐம்பத்தைந்து என்று காட்டும். நான் அனுப்பியிருக்கும் கத்தி, உருக்கிய எஃகைத் தூளாக்கி, அந்தத் தூளை மறுபடி இறுக்கிச் செய்தது. கார்பன் அதிகம், வனேடியம் என்ற உலோகமும் உண்டு. இது அறுபத்திரண்டு காட்டும். ஏழுதானே என்று நினைக்காதீர்கள். உங்கள் கத்தி நூறு மீனில் மழுங்கினால், இது முந்நூறு மீன் வரை தாங்கும்.

குரோமியம் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. துருவை உள்ளே விடமாட்டான். ஆனால் கார்பன் ஒரு வாயாடி. அதிகமாகச் சேர்த்தால் அது காவல்காரனை உள்ளே இழுத்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கும், வாசல் காலியாகிவிடும். அதனால் விலை உயர்ந்த எஃகு என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. உப்புத் தண்ணீரில் போட்டு வைக்காமல் துடைத்து வையுங்கள்.

இப்போது விஷயம். உங்கள் மீன் மார்க்கெட் மேனேஜர் என் பழைய மாணவன். போனில் சொன்னான். கட்டடத்தைத் திருத்தும்போது மூன்று வெட்டு மேசைகளில் ஒன்றை எடுக்கப்போகிறார்களாம். உங்கள் வலது கை மரத்துப்போகிறது என்றும், ஒருநாள் கத்தி கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது என்றும் சொன்னான். இதை நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை. அண்ணன் காலமான பிறகு நான் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஈரத்தரையில் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டிய அவசியம் என்ன? யோசியுங்கள். யோசிக்கும்வரை இந்தக் கத்தி உங்கள் கைச்சுமையைக் குறைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


மார்ச் 19

கொழுந்தனாருக்கு,

கத்தி வந்துச்சு, கடுதாசியும் வந்துச்சு. எனக்கு உங்க மாதிரி எழுத வராது. வாயில வர்ற மாதிரியே எழுதுறேன், சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பிராதீங்க.

பொய் சொல்லக் கூடாது. முதல் மூணு நாள் அந்தக் கத்தி சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. தோல்ல வெச்சா தானாப் போகுது. நடுமுள்ளை ஒட்டிச் சதையை எடுத்தா முள்ளுல ஒண்ணும் மிஞ்சலை. பக்கத்து மேசையில ஒருத்தி இருக்கா, கை சுத்துற வேகத்துக்கு அவளைக் காத்தாடின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவ எட்டிப் பாத்துட்டு, "என்னக்கா, மகாராணி எழுந்தருளிட்டாங்க போல? கும்பிட்டுட்டுத்தான் தொடணுமா?"ன்னா. சிரிச்சேன். சிரிச்சு எத்தனை மாசமாச்சுன்னு அப்பத்தான் தோணுச்சு.

நாலாம் நாள் ஒரு ஓட்டல்காரர் ஆறு பெரிய மீன் கொண்டாந்தாரு. தலையைத் தனியா எடுக்கணும். எப்பவும் போல முள்ளு மேல வெச்சு ஒரு போடு போட்டேன். 'டிக்'னு ஒரு சத்தம். தூக்கிப் பாத்தா விளிம்புல எலி கடிச்ச மாதிரி மூணு இடம். உடைஞ்ச துணுக்கு எங்க போச்சு? மீனுக்குள்ள போயிருந்தா? ஆறு மீனையும் மறுபடி கழுவி, விரலால தடவித் தடவிப் பாத்தேன். அரை மணி நேரம் வரிசை நின்னுச்சு. உங்க மாணவர் கண்ணாடி அறையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தாரு.

சரி, தீட்டினாச் சரியாயிரும்னு தீட்டுற இரும்புக் கம்பியில போட்டேன். பத்து மீனுக்கு ஒருதடவை கம்பியில நாலு இழுப்பு இழுக்கறது என் பழக்கம், இருபது வருசமா அப்படித்தான். இழுக்க இழுக்க இன்னும் பொடிப்பொடியா உதிருது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கல்லுல தேச்சேன். கல்லு கண்ணாடி மாதிரி வழுக்குது. கத்தி தேயலை, கல்லுதான் தேஞ்சுச்சு. கடைசியில தெருமுனைச் சாணைக்காரர்கிட்டக் குடுத்தேன். மோட்டார் சக்கரத்துல வெச்சு அமுக்குனாரு. பொறி பறந்துச்சு. "இது முரட்டு எஃகும்மா"ன்னு ரெண்டு மடங்கு நேரம் அமுக்குனாரு. விளிம்பு நீலமாயிருச்சு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள மழுங்கிப் போச்சு. என் பழைய கத்தியே தேவலைன்னு எடுத்துக்கிட்டேன்.

அஞ்சு பக்கம் எழுதியிருக்கீங்க. கார்பன் வாயாடியா, குரோமியம் காவல்காரனா, எல்லாம் படிச்சேன். அந்தக் கத்தியை வெச்சு நான் என்ன செய்வேன்னு ஒரு வரி கேக்கலையே? ஏட்டுச் சுரைக்காய்னு சொல்லுவாங்களே, அதான்.

பின்னறையைப் பத்தி இப்பப் பேச வேணாம். கை மரக்கறது உண்மைதான். மத்தியானத்துக்கு மேல சுண்டுவிரலைத் தவிர மத்தது நம்மளுதில்லை. ஆனா மேசை என்னுது.

உங்க வீட்டம்மா, என் தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லுங்க.

அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கச்சிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, "நல்லா வேணும் உங்களுக்கு" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.

நடந்தது முழுவதும் என் பிழை. சாணைக்காரரைத் திட்டாதீர்கள். அவர் நாற்பது வருடமாகச் சாதாரண எஃகைத் தீட்டியவர், தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

வகுப்பில் நான் ஒரு கையில் சாக்கட்டியும் மறு கையில் மெழுகுவத்தியும் எடுத்து வருவேன். இரண்டையும் வளைக்கச் சொல்வேன். மெழுகு வளையும், சாக்கட்டி 'டிக்' என்று உடையும். எது கடினம் என்றால் பிள்ளைகள் சாக்கட்டி என்பார்கள். எது வலிமை என்றால் விழிப்பார்கள். கடினமும் வலிமையும் ஒன்றல்ல. நீங்கள் எழுதிய அதே 'டிக்' சத்தத்தை முப்பத்தாறு வருடம் வகுப்பில் எழுப்பியவன், உங்களுக்குச் சாக்கட்டியை அனுப்பிவிட்டு மெழுகு மாதிரி நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

உங்கள் பழைய கத்தியின் விளிம்பு முள்ளில் பட்டால் உடையாது, ஒரு பக்கமாகச் சாயும். நாம் மழுங்கிவிட்டது என்கிறோம். உண்மையில் அது தேய்ந்திருக்காது, குனிந்திருக்கும். நீங்கள் கம்பியில் இழுக்கும் நாலு இழுப்பு அதை நிமிர்த்தி வைக்கிறது. புது எஃகு குனியத் தெரியாதது. குனியாததை நிமிர்த்தப் போனால் உதிரும். கல் வழுக்கியதற்கும் காரணம் உண்டு. அதில் இருக்கும் வனேடியப் பொடி உங்கள் கல்லை விடக் கடினம். அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

நீல நிறம்தான் கடைசி அடி. எஃகுக்குப் பாதி குணம் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. மீதிப் பாதி அதைச் சுட்டு, ஆற்றி, பதம் கொடுத்ததில் இருக்கிறது. சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலமானால் அந்தப் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அது எவ்வளவு விலை எஃகாக இருந்தாலும் தகரம்தான்.

வைரத்தகடு ஒன்று வாங்கி அனுப்பட்டுமா? நீலமான பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டால் கொஞ்சம் மீளலாம். ஆனால் அண்ணி, இதையெல்லாம் விட எளிய வழி ஒன்று உண்டு. கோபப்படாமல் யோசியுங்கள். சண்டைக்கு ஆள் இல்லாமல் வீடு தூங்கி வழிகிறது என்று உங்கள் தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 2

வாத்தியாருக்கு,

தகடு வேணாம்.

நேத்து உங்க மாணவர் கூப்பிட்டாரு. "அம்மா, மே மாசத்தோட உங்க மேசையை எடுத்துரலாம்னு இருக்கோம். எல்லாருமாச் சேர்ந்து உங்களை நல்லபடியா வழியனுப்பணும்"னாரு.

"எதுக்கய்யா என்னை வழியனுப்பணும்? நான் எங்க போறேன்?"

"நீங்களே விலகிக்கறதாத்தானே..."

"நான் எப்பச் சொன்னேன்?"

"சார் எழுதியிருக்காரேம்மா"ன்னு மேசை இழுப்பறையில இருந்து எடுத்து நீட்டுனாரு.

உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டாக்டர்கிட்ட நான் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் அந்த முத்து முத்து எழுத்துலதான் எழுதிக் குடுத்தீங்க. 'உடல்நிலை காரணமாக எங்கள் அண்ணி பணியிலிருந்து விலக விரும்புகிறார்.' யாரு விரும்புனது? எனக்குத் தெரியாம என் விருப்பம் உங்ககிட்ட எப்ப வந்துச்சு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வயித்துவலின்னு லீவு லெட்டர் எழுதுற மாதிரி எழுதியிருக்கீங்க.

தேதி பாத்தேன். மார்ச் மூணு. கத்தி அனுப்புனது மறுநாள். ஒரு கையால கத்தியைக் குடுத்து இன்னொரு கையால மேசையை எடுத்துட்டீங்க.

அவரு போனதுக்கப்புறம் தெருவுல, கடையில, உங்க வீட்டுல, எங்க போனாலும் என்னைப் பாத்ததும் எல்லாரும் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டுப் பேசுறாங்க. அந்த மேசைக்கு முன்னால நிக்கும்போது மட்டும் யாரும் அப்படிப் பேசுறதில்லை. "சீக்கிரம் வெட்டும்மா, பஸ்ஸு போயிரும்"னு கத்துறாங்க. அது எனக்கு வேணும். இது உங்களுக்குப் புரியலைன்னா நீங்க முப்பத்தாறு வருசம் என்னத்தைப் பாடம் நடத்துனீங்களோ.

நான் விலகலைன்னு உங்க மாணவர்கிட்டச் சொல்லிட்டேன். அவரு கையைப் பிசையறாரு. "சரிம்மா, அப்ப மே மொதல் வாரம் முழுக்க மூணு மேசையும் எவ்வளவு வெட்டுதுன்னு நிறுத்துப் பாப்போம். கடைசியா வர்ற மேசையை எடுத்துருவோம். யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது"ன்னாரு. சரின்னுட்டேன். காத்தாடி இருக்கா, அந்தக் கோடியில மீசைக்காரரு இருக்காரு, ரெண்டு பேருமே என்னை விட இருபது வயசு சின்னவங்க. என் கை எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

பதில் எழுத வேணாம்.


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

வேண்டாம் என்றீர்கள். இரண்டு வரி மட்டும்.

அந்தக் கடிதம் பொய் என்று மேனேஜருக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது, படித்துப் பாருங்கள். கத்தியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வேலைக்கு உதவும் என்று நம்பி அனுப்பியதல்ல. கடைசி இரண்டு மாதமாவது சுலபமாகப் போகட்டும் என்று அனுப்பியது. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அப்படி எதுவும் கேட்கவில்லை.

கொழுந்தன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். இந்த முறை எடுத்துக்காட்டுச் சொல்லப் போவதில்லை. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. 'கத்தியை வெச்சு நான் என்ன செய்வேன்னு கேக்கலையே.' சரி என்று கடைக்குப் போய் உங்களுடையது போன்ற அதே மலிவுக் கத்தி ஒன்றும், நான்கு மீன்களும் வாங்கி வந்தேன். சமையலறையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மீனுக்கு இருபத்திரண்டு நிமிடம். இரண்டாவது மீனில் கட்டைவிரல் வெட்டுப்பட்டது. உங்கள் தங்கச்சி கட்டுப் போட்டுக்கொண்டே, "அக்கா ஒரு மீனுக்கு எவ்வளவு நேரம் எடுத்துப்பாங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். "பதினஞ்சு வருசமா ஊருக்குப் போறப்பெல்லாம் அவங்க மார்க்கெட்டுக்குப் போறீங்க, ஒருநாள்கூடப் பாக்கலையா?" என்றாள். பார்த்திருக்கிறேன். கவனிக்கவில்லை.

மிச்ச மீனை எங்கள் வீட்டுப் பழைய கத்தியால் அவளே வெட்ட வந்தாள். அதே கம்பெனி, அதே எஃகு, வாங்கிப் பத்து வருடம். வெட்ட முடியவில்லை. கல்லில் தீட்டிக் கொடுத்தேன். விளிம்பு தாளைக் கிழித்தது, ஆனாலும் மீனில் அமுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒரு கேரட்டை எடுத்து இரண்டு கத்தியாலும் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். புதுக்கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. பழைய கத்தி பாதி இறங்கியதும் கேரட் 'பட்' என்று வெடித்தது. வெட்டவில்லை, ஆப்பு அடித்தது.

எஃகும் ஒன்றுதான், கூர்மையும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? இரண்டையும் நுனியைப் பார்த்தபடி கண்ணருகே நிமிர்த்திப் பார்த்தேன். கத்தி முதுகிலிருந்து விளிம்பு வரை மெலிந்துகொண்டே வருகிறது. பத்து வருடம் விளிம்பை மட்டும் தீட்டினால் விளிம்பு மேலே ஏறி, தடித்த இடத்துக்குப் போய்விடுகிறது. கூராக இருந்தாலும் அது கூரான ஆப்பு. தோளில் பெட்டியைச் சுமந்துகொண்டு குறுகலான சந்தில் நுழைகிறவன் மாதிரி. (எடுத்துக்காட்டு வந்துவிட்டது, மன்னியுங்கள்.)

இப்போது நான் சொல்ல வெட்கப்படும் விஷயம். நான் அனுப்பிய கத்தி முதல் மூன்று நாள் வழுக்கிக்கொண்டு போனதற்கு வனேடியம் காரணமில்லை. கடினம் ஒரு கத்தியின் கூரை நிறைய நாள் வைத்திருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக உள்ளே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது மெலிவு. அந்தக் கத்தி மெல்லியது. உங்கள் பழைய கத்தியும் வாங்கிய புதிதில் அப்படித்தான் இருந்திருக்கும். ஐம்பத்தைந்தா அறுபத்திரண்டா என்று நான் அஞ்சு பக்கம் எழுதியது தப்பில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலில்லை.

உங்கள் கத்தி எத்தனை வருடத்தது? அதைக் கல்லில் தீட்டுவதற்கு முன், முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு நாணயம் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்புக்கு மேலே தடித்திருக்கும் தோள்பட்டை கரையும். சொரசொரப்பான கல், நிறையத் தண்ணீர். சாணைச் சக்கரம் கூடவே கூடாது. சாதாரண எஃகு என்பதால் உங்கள் கல்லே போதும். விலைக் கத்தியை இப்படி வீட்டில் சரிசெய்ய முடியாது. மெலிந்த பிறகு உங்கள் கத்தியை முள்ளில் போட்டால் விளிம்பு சாய்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பின்னறையைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

கொழுந்தன்


மே 14

கொழுந்தனாருக்கு,

கட்டைவிரல் ஆறிருச்சா? அதைப் படிச்சப்ப பாவம்னுதான் நினைச்சேன். அப்புறம் இருபத்திரண்டு நிமிசம்னு படிச்சதும் காத்தாடிகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "மீன் தானாவே கரையேறி நடந்து போயிருக்குமேக்கா!"ன்னு அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. ஒரு மீனுக்கு எனக்கு ஒண்ணரை நிமிசம். இனிமே தெரிஞ்சுக்கங்க.

என் கத்தியிலயும் கேரட்டு வெடிச்சுச்சு. என் கத்தி பதினொரு வருசத்தது. அதைக் கண்ணுகிட்ட நிமிர்த்திப் பாத்தப்ப எனக்கே சங்கடமா இருந்துச்சு. இந்த ஆப்பை வெச்சா இத்தனை வருசம் அமுக்கிக்கிட்டு இருந்தேன்? மூணு சாயந்திரம் கல்லுல படுக்க வெச்சுத் தேச்சேன். வலது கை மரத்தா இடது கையால தேச்சேன். முள்ளுக்கு என்ன பண்றதுன்னு நீங்க பயந்தீங்கல்ல, அதுக்கு மூளையைக் கசக்கவே வேணாம். தேய்க்காத இன்னொரு பழைய கத்தி கெடக்கு, தலைக்கும் முள்ளுக்கும் அது. சதைக்கு இது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. ஒரே கத்திதான் எல்லாத்தையும் செய்யணும்னு யாரு சொன்னது? படிச்சவங்களுக்குத்தான் அந்த ஆசை. ஒண்ணே ஒண்ணு, மெலிஞ்ச விளிம்பு சீக்கிரம் சாயுது. பத்து மீனுக்கு ஒருதடவை கம்பியில இழுத்தது இப்ப ஆறு மீனுக்கு ஒருதடவை. நாலு இழுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிரும்? மூச்சு விட்டுக்கலாம்.

இனி எடை வாரம். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் உங்க மாணவர் மேசைக்கு மேசை ஒரு பலகை மாட்டி எழுதுனாரு. நான் பலகையைப் பாக்கலை. பாத்தா கை இறுகும். முதல் நாள் மத்தியானம் வரைக்கும் பறந்தேன், அப்புறம் விரல் செத்துப்போச்சு. மறுநாளும் அப்படித்தான். கத்தி பாதிக் காரியத்தைச் சுலபமாக்குச்சு, கையைப் புதுசாக்கலை. அதை நான் எதிர்பாக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துருவேன்.

வியாழக்கிழமை காத்தாடி மத்தியானத்தோட போயிட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல். சனிக்கிழமை பலகையை இறக்கிக் கூட்டுனாங்க. மீசைக்காரர் முதல். நான் ரெண்டாவது. காத்தாடி என்னை விட ஒன்பது கிலோ கம்மி.

அவ கத்தியைத் துடைச்சு, துணியில சுத்தி, ஏப்ரனை அவுத்து மடிச்சா. மடிச்சதையே மறுபடி மறுபடி மடிச்சா. அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவ இருந்திருந்தா இந்த ஒன்பது கிலோ எந்த மூலைக்கு? எனக்கு ஜெயிச்ச மாதிரியே இல்லை. ரெண்டு காலும் வலிக்குது, நிக்கறேன், அவ்வளவுதான்.

நேரா கண்ணாடி அறைக்குப் போனேன். "எனக்கு மத்தியானம் வரைக்கும் கை வேலை செய்யும். அதுக்கப்புறம் அவ வரட்டும். காலையில பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு நிதானமா வருவா. மேசை ஒண்ணுதானே?"ன்னேன்.

"அப்படி விதி இல்லம்மா"ன்னாரு.

"விதியில மேசை ரெண்டுன்னுதான் இருக்கு. கை எத்தனைன்னு இல்லையே."

தலையைச் சொறிஞ்சுட்டு, "இதை சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு ஆரம்பிச்சாரு. "சார் மீன் வெட்டுனா இருபத்திரண்டு நிமிசமாகும். அவரைக் கேட்டு என்ன பண்ணப்போறீங்க?"ன்னேன். சிரிச்சுட்டாரு. கையெழுத்துப் போட்டாரு. காத்தாடி வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. "பாதி நாள் சம்பாத்தியத்தை எனக்கு எதுக்குக்கா விட்டுக் குடுக்குற?"ன்னா. "உனக்காக இல்லடி, என் விரலுக்காக"ன்னேன். நிஜம்தான் அது. பாதிதான் நிஜம்.

இது நானா எடுத்த முடிவு. எனக்காக யாரும் எழுதலை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இப்ப மத்தியானத்துக்கு மேல வீட்டுலதான் இருக்கேன். முதல் நாள் என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். ரெண்டாம் நாள் தூங்குனேன். தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் வாங்க. வந்து இருந்துட்டுப் போறதுக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்லை.

உங்ககிட்டக் கேக்க ஏதாவது இருக்கா? இல்லை. காத்தாடி ஒண்ணு சொன்னா, வெட்டும்போது என் விரல் முட்டியெல்லாம் வெள்ளையாயிருதாம். இருந்துட்டுப் போகட்டும்.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டைவிரல் ஆறிவிட்டது. அதைத் தவிர பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் அதில் இல்லை. எனக்கு இது புது அனுபவம்.

ஜூன் முதல் வாரம் நாங்கள் இருவரும் வருகிறோம். காலையில் உங்கள் மேசைக்கு எதிரே ஒரு ஓரமாக நின்றுகொள்கிறேன். பேசமாட்டேன், பார்ப்பேன். மத்தியானம் மூவரும் சேர்ந்து உங்கள் வீட்டுக்குப் போகலாம்.

மேனேஜர் போன் செய்தான். "சார், உங்க அண்ணிகிட்ட நான் இனி வாயைத் திறக்கமாட்டேன்" என்றான். நானும்தான் என்றேன்.

ஆனாலும் பழக்கதோஷம், காத்தாடி சொன்ன அந்த வெள்ளை முட்டி என் மனதில் நிற்கிறது. இத்தனை வருடம் தடித்த கத்தியை அமுக்கிப் பழகிய கை அது. கத்தி மெலிந்துவிட்டது, பிடி இன்னும் பழைய பிடியாகவே இருக்கிறது போலும். விரல் மரத்துப்போவதற்கு அந்த இறுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நாளைக் காலையில் முதல் மீனைத் தொடுவதற்கு முன்னால், ஈரமில்லாத கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். இதற்கு மேல் தளர்த்தினால் நழுவிவிடும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பிடியோடு ஒரே ஒரு மீனை வெட்டிப் பாருங்கள்.